சாம்பிராணி ஏறிய இறையியல்

பிரசங்கம் தயாரிக்க, தரையில் கிடந்த அடுக்கிலிருந்து அப்பாவின் பழைய இறையியல் புத்தகத்தை எடுத்தேன். திறந்ததும் லேசாகச் சாம்பிராணி மணந்தது.

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா வருடம். மலாக்காவின் காஜா பெராங்கில் அப்பா போதகர். கட்டிலடியில் ஈரம் கோத்த தம் புத்தகங்களை முற்றத்துப் பாயில் வெயிலுக்குப் பரப்பிவிட்டு, எங்களுடன் புக்கிட் பாருவுக்கு ஒரு ஜெபத்துக்கு வந்திருந்தார். திடீரென்று மழை கொட்டியது. அப்பா முகத்தில் ஈயாடவில்லை. ஓடி வந்து பார்த்தால் முற்றத்தில் பாயைக்கூடக் காணோம்.

பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மாள் வாசலில் நின்று கூப்பிட்டார். அத்தை என்பதுபோல் பீபிக் என்போம். சாமி கும்பிடுவது நம்மூர் வழக்கப்படி, பேச்சு மட்டும் மலாய்; தமிழ் வராது. "புக்கு துஹான், மானா போலே தாரோ பாவா?" என்றார். கடவுள் புத்தகத்தைக் கீழே வைக்கலாமா என்று கேட்கிறார். அத்தனையையும் தம் சாமி மாடத்தில் அடுக்கி, பூச்சி அரிக்காமலிருக்கச் சாம்பிராணியும் போட்டிருந்தார்.

சபை மூப்பர் முகம் சுளித்தார். "சாமி மாடத்துல இருந்த புத்தகத்த வெச்சா பிரசங்கம் பண்ணப் போறீங்க, ஐயா?"

"நான் கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தேன். அந்தம்மா சாமி பக்கத்துல வெச்சாங்க," என்றார் அப்பா.

அதன்பின் ஒவ்வொரு மழைக்காலமும் அப்பாவே அவற்றைச் சுமந்துகொண்டு பீபிக் வீட்டுக்குப் போனார்.

நான் எழுந்து, தரையில் கிடந்த மற்ற புத்தகங்களையும் மேசைமேல் வைத்தேன்.