கேரவனுக்குப் பக்கத்தில் நட்ட மேரக்காய்

கேரவன் சாவி கைக்கு வந்ததும் அப்பா செய்த முதல் வேலை, உள்ளே போய் எல்லாக் குழாய்களையும் திறந்து மூடிப் பார்த்ததுதான். அடுத்து விளக்குகள், ஜன்னல் கொக்கிகள், கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலிருந்த குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. உடனே வெளியே வந்து, அந்தக் கேரவன் பார்க்கைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜரைக் கூப்பிட்டார்.

"இது நாங்க வரதுக்கு முன்னாடியே ஒழுகுதுங்க. ஒருக்கா பாத்துக்குங்க. போறப்போ எங்க மேல வரக் கூடாது."

மேனேஜர் சிரித்துக்கொண்டே, அதையெல்லாம் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். அப்பா விடவில்லை. மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, குழாயைக் கண்ணால் பார்த்து, ஆமாம் ஒழுகுகிறது என்று சொன்ன பிறகுதான் பெட்டிகளை இறக்க விட்டார். எனக்கு மானம் போயிற்று. மூன்று நாள் விடுமுறைக்கு வந்த இடத்தில் யாராவது குழாய்க்குச் சாட்சி சேர்ப்பார்களா?

ஆனால் அப்பாவுக்கு வேறு மாதிரி இருக்கத் தெரியாது. அவர் டீ பேக்டரி ஆள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எஸ்டேட் கொடுத்த குவார்ட்டர்ஸில்தான் வாழ்ந்தார். டிவிஷன் மாற்றுவார்கள், எஸ்டேட் மாற்றுவார்கள், குவார்ட்டர்ஸும் மாறும். காலி செய்யும்போது ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்ப்பார். கண்ணாடி உடைந்திருந்தால், பல்பு இல்லாவிட்டால், சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் குடி போகும் அன்றைக்கே எது எது பழுது என்று காட்டிவிட வேண்டும். சக்கரம் வைத்த வீடாக இருந்தாலும் அவருக்குச் சட்டம் ஒன்றுதான்.

அந்தப் பார்க் அரவேணு என்ற சின்ன மலையூரைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் இறங்கினால் வரும். சரிவில் இருந்த தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் படிப்படியாகச் சமன் செய்து, ஒவ்வொரு படியிலும் ஒரு கேரவன் நிற்க இடம், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு பிளக் பாயிண்ட். சொந்த வண்டியோடு வருகிறவர்களும் உண்டு. எங்களைப் போல வெறுங்கையோடு வருகிறவர்களுக்கு அங்கேயே நிற்கும் கேரவன்களை வாடகைக்குக் கொடுப்பார்கள். எங்களுடையதில் பின்பக்கம் ஒரு கட்டில். நடுவில் ஒரு மேசை, ராத்திரியில் அதை மடக்கினால் இன்னொரு கட்டில். மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை, அதை என் மகள் வந்தவுடனே பிடித்துக்கொண்டாள். கழிப்பறை, பீரோ அளவு. நான், என் கணவர், மகள், அப்பா, அம்மா என்று ஐந்து பேர் அதற்குள் மூச்சுவிட வேண்டும்.

இந்த ஏற்பாடு முழுக்க என்னுடையது. ஏற்பாடு செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று என் கணவர் சொல்வார். பாராட்டாகச் சொல்வதில்லை. அப்பா ரிட்டையர் ஆகி, குன்னூர்ப் பக்கம் கடைசியாக இருந்த குவார்ட்டர்ஸின் சாவியையும் கொடுத்துவிட்டார். சாமான்களை நாங்கள் போகும் சர்ச்சில், பங்குக் கோயில் ஹாலில், போட்டு வைத்திருந்தோம். திங்கட்கிழமை லாரி வந்து அவற்றைக் கோயமுத்தூருக்கு, மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும். அவர்களுக்கென்று ஒரு அறைக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. முழங்கால் வலிக்கு டாக்டர்கூடப் பார்த்து வைத்தாயிற்று. பால்கனியில் இரண்டு பெரிய தொட்டி வாங்கி மண்ணும் நிரப்பினேன். எல்லாம் தயார். வருகிறேன் என்று அம்மா சொல்லவில்லை, அது ஒன்றுதான் குறை.

அப்பாவிடம் கேட்டபோது, ஆகட்டும் என்றார். அவர் வாழ்நாளில் எல்லா எஸ்டேட் மேனேஜர்களிடமும் சொன்ன வார்த்தை அது. அம்மாவிடம் கேட்கும்போதெல்லாம், பாக்கலாம் கண்ணு என்றாள். அவளுடைய பாக்கலாம் எந்தப் பக்கம் சாயும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆகவேதான் கேரவன். மூன்று நாள் ஒரே பெட்டிக்குள் இருந்தால் எங்கே தப்பிப்பாள், வாயிலிருந்து பதிலை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மற்றவர்களிடம் ரிட்டையர்மென்ட் பரிசு என்று சொல்லிக்கொண்டேன். அரவேணு என்றதும் அம்மா மறுபேச்சில்லாமல் சரி என்றாள். அவள் எதற்கும் அப்படி உடனே சரி சொல்கிறவள் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான் சந்தோஷப்படவும் ஒரு காரணம் இருந்தது. அம்மா கொண்டுவந்த கூடையில், செய்தித்தாளில் சுற்றி இரண்டு மேரக்காய்கள் இருந்தன. கீழே சமவெளியில் சௌசௌ என்பார்கள். இரண்டும் முளைவிட்டிருந்தன. மேரக்காயை விதையெடுத்து நடுவதில்லை. முற்றிய காயின் வாயிலிருந்து முளை வந்ததும் முழுக்காயையே மண்ணில் வைக்க வேண்டும். இரண்டு காய், என் பால்கனியில் இரண்டு தொட்டி. நடுவதற்குக் காய் எடுத்து வருகிறவள் வரப்போகிறாள் என்றுதானே அர்த்தம்? நான் வாயைத் திறக்காமல் கூடையைப் பத்திரமாகக் காரில் வைத்துக் கொண்டுவந்தேன்.

அன்று சாயங்காலம் கேரவனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், மேனேஜரிடம் ஒரு களைக்கொத்தைக் கேட்டு வாங்கி, வேலியோரம் குழி பறித்து, அம்மா ஒரு மேரக்காயை நட்டுக்கொண்டிருந்தாள். மேலே மண்ணைத் தள்ளி, முளை மட்டும் வெளியே தெரியும்படி விட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

என்னம்மா இது, மூன்று நாளில் கிளம்பிவிடுவோமே, யார் இதைப் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். வந்த இடத்தில் நடாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள். பக்கத்துக் கேரவனில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். அவர்களுக்கும் இரண்டு கிளாஸ் டீ போயிற்று. இதுவும் எஸ்டேட் பழக்கம்தான். புதுக் குவார்ட்டர்ஸுக்குப் போன அன்றைக்கு இரண்டு பக்கத்து ஊட்டுக்கும் டீ கொடுக்க வேண்டும், வேலியோரம் ஒரு மேரக்காய் நட வேண்டும். அந்தக் கொடி காய்க்கும் முன்பே பல தடவை எங்களை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். போகும்போது யாரும் கொடியைப் பிடுங்க மாட்டார்கள். அடுத்து வருகிறவர்கள் பறித்துச் சாப்பிடுவார்கள். நாங்கள் போன இடத்தில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் நட்டது காய்த்துத் தொங்கும். நான் பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அப்படி யாரோ நட்ட மேரக்காய்க் கூட்டைத் தின்றுதான் வளர்ந்தேன். வெறுத்துப்போன காய் அது.

அன்று எனக்குத் தூக்கம் சரியில்லை. கூடையில் இன்னொன்று மிச்சம் இருக்கிறது என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அப்பாவும் அம்மாவும் பால் வாங்க அரவேணு கடைவீதிக்கு நடந்து போனார்கள். அரை லிட்டர் பாலுக்கு நெடுநேரம் ஆயிற்று. திரும்பி வரும்போது மழையும் கூடவே வந்தது. பிறகு எங்கும் போக முடியவில்லை. ஐப்பசி மழை, பிடித்தால் லேசில் விடாது. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், பக்கத்துக் கேரவன்கூடத் தெரியவில்லை. கூரைத் தகரத்தில் விழும் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. மேல் படுக்கையில் என் மகளும் கணவரும் சீட்டு விளையாடினார்கள். அப்பா பின்கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அம்மா மேசையோரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"திங்கக்கிழமை லாரி வந்துருமுங்கம்மா. வரீங்களா இல்லீங்களா, ஒரு வார்த்த சொல்லிருங்க."

அம்மா உரித்த பூண்டை ஒரு பக்கம் ஒதுக்கினாள். அறை நன்றாக இருக்கிறது என்றாள். மாப்பிள்ளை தங்கமான மனிதர் என்றாள். மேலே சீட்டுக்கட்டு சத்தம் நின்றது. இப்படிப் பாராட்ட ஆரம்பித்தாலே விஷயம் கைவிட்டுப் போயிற்று என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அப்புறம் என்ன தடை என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

"கண்ணாலம் ஆகி வந்ததுல இருந்து குவார்ட்டர்ஸ்லயே இருந்துட்டேன் கண்ணு. நான் நட்டதெல்லாம் அடுத்து வந்தவங்க பறிச்சாங்க. நான் பறிச்சதெல்லாம் முன்னாடி இருந்தவங்க நட்டது. உன்ற ஊட்டுக்கு வந்தா நீ என்னைய ராணியாட்டம் வெச்சுக்குவ, அது எனக்குத் தெரியும். ஆனா அதும் எனக்குக் குவார்ட்டர்ஸ்தான்."

கோபத்தில் விருட்டென்று எழுந்தேன். எழுந்து எங்கே போவது? வெளியே மழை, உள்ளே நாலு எட்டு வைத்தால் சுவர். அம்மா தப்பிக்க முடியாதபடி நான் தேர்ந்தெடுத்த இடத்தில் எனக்கும் வழி இல்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அழுதேன். குவார்ட்டர்ஸாம். பெற்ற மகள் வீடு குவார்ட்டர்ஸாம். பெயிண்ட் கலரைக்கூட அவளுக்குப் பிடித்த கலராகப் பார்த்து அடித்தேனே என்று இருந்தது. இடுப்பைத் திருப்ப இடமில்லாத இடத்தில் அழுவது மகா கஷ்டம். முழங்கை வாஷ்பேசினில் இடித்தது.

வெளியே வந்தபோது அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தை அவர்தான் சொன்னார். அரவேணுவுக்கு மேலே ஒரு சின்ன ஊடு விலைக்கு இருக்கிறது. பேக்டரியில் கூட வேலை பார்த்த ஒருவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். பி.எஃப். பணத்துக்குள் அடங்கும். காலையில் பால் வாங்கப் போனவர்கள் அதைத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அதாவது நான் அம்மாவின் மனதை மாற்ற இந்த விடுமுறையை ஏற்பாடு செய்தேன். அம்மா வீடு பார்க்க இதற்குச் சம்மதித்திருக்கிறாள். நான் யாருடைய மகள் என்று அப்போது தெரிந்தது.

மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. எல்லோரும் போய்ப் பார்த்தோம். ரோட்டிலிருந்து செங்குத்தாகப் படி. இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே தகரம். பின்னால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண், அதை ஒட்டி யாருடைய தேயிலையோ. நான் குறை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இந்தப் படி எப்படி. ராத்திரி நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரி எங்கே. எல்லாம் நியாயமான கேள்விகள்தான், இன்றைக்கும் சொல்வேன். அம்மா பின்பக்கம் போய்க் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தாள். என் கணவர் இத்தனை நேரம் வாயில் கொழுக்கட்டையோடு நின்றவர், அப்போது பார்த்து, மண் நன்றாக இருக்கிறது அத்தை என்றார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் கோயமுத்தூர் போய்ச் சேரும்வரை அடங்கவில்லை.

கிளம்பும்போது அப்பா கேரவனைத் துடைத்து, பல்பையெல்லாம் போட்டுக் காட்டி, மேனேஜரிடம் சாவியை ஒப்படைத்தார். குழாய் ஒழுகுவதை மறுபடியும் ஞாபகப்படுத்தினார். அம்மா தன் பங்குக்கு, கொடி ஏறும்போது ஒரு கம்பி கட்டிவிடும்படியும், வருகிறவர்களைப் பறித்துக்கொள்ளச் சொல்லும்படியும் மேனேஜரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். இன்னொரு மேரக்காய் கூடையில் அப்படியே இருந்தது. அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

லாரியைத் தள்ளிப்போட்டேன். பத்திரம் முடிந்த பிறகு அதே லாரி, கோயில் ஹாலிலிருந்து அரவேணுவுக்குப் போயிற்று. சாமான் ஏற்ற நான் வரவில்லை, லீவு இல்லை என்று சொன்னேன். லீவு இருந்தது. கொஞ்ச நாள் போனிலும் அளந்துதான் பேசினேன். அம்மா அதைக் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. முதல் காய் பிடித்ததும் கூப்பிட்டு, மே மாதம் லீவுக்கு வந்துவிடு, உனக்குப் பிடிக்காவிட்டாலும் ஒரு வாய் தின்றுவிட்டுப் போ என்றாள்.

போனோம். படியேறி மூச்சு வாங்க நின்றேன். எந்தக் குவார்ட்டர்ஸிலும் அம்மா எங்களைப் பார்த்ததும் ரோட்டுக்கே ஓடி வந்துவிடுவாள். இங்கே அவள் வரவில்லை. வாசற்படிக்கு உள்ளே, கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்று, வாங்க என்று எல்லோரையும் அழைத்தாள். வீட்டுச் சொந்தக்காரி ஒருத்தி வந்தவர்களை அழைப்பது மாதிரியே இருந்தது. பின்பக்கம் கொடி தகரத்துக்கு மேல் ஏறிவிட்டிருந்தது. அதற்கு அடியில் நிற்க வைத்து, என் கையாலேயே இரண்டு காய் பறிக்கச் சொன்னாள். காய் பெரிதாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது சமையலறைக் குழாய் ஒழுகும் சத்தம் கேட்டது. அப்பா சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழப் பார்த்தார். யாரிடம் காட்டுவது என்று தேடுகிற மாதிரி வாசல் பக்கம் திரும்பினார்.

அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி கூட்டை வைத்தாள்.

"ஏனுங்க, உக்காந்து சாப்புடுங்க. ஒழுகுனா ஒழுகட்டும். நம்ம குழாய்தானுங்க."