அப்பாவின் பையை மறைத்த நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் நடந்தது இது. அப்பாவுக்கு புரொஸ்டேட் சத்திரசிகிச்சை முடிந்து, சிறுநீர் போவதற்கான குழாயோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். குழாயின் முனையில் ஒரு பிளாஸ்டிக் பை. அது எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், குழாய் மடியக்கூடாது என்று தாதி எனக்கு இரண்டு முறை சொல்லித்தான் விட்டார்.

நான்காம் நாள், கனடாவிலிருந்து வந்திருந்த மச்சாள், என் கணவரின் அக்கா, அப்பாவைப் பார்க்க வருவதாகச் சொன்னார். அவர் கண்ணுக்கு எங்கள் வீடு குறைவாகத் தெரிந்துவிடக்கூடாது என்று எனக்கு எப்போதும் ஒரு பதற்றம். காலையிலேயே ஹோலைத் துடைத்து, குஷன் உறைகளை மாற்றினேன். அப்பாவின் காலடியில் இரத்தம் கலந்த சலத்தோடு கிடந்த அந்தப் பைதான் கண்ணை உறுத்தியது. எடுத்து அவர் பக்கத்தில் இரண்டு குஷனுக்கு மேல் வைத்து, போர்வையால் மூடிவிட்டேன்.

மச்சாள் வந்து அரை மணித்தியாலம் இருக்கும். தேத்தண்ணி கொடுக்கப் போன என் கையை அப்பா பிடித்தார்.

"பிள்ளை, சலம் முட்டுது. ஏலாமக் கிடக்கு."

குழாய் இருந்தால் அப்படி ஓர் உணர்வு வரும் என்று தாதி சொன்னது மட்டும் எனக்கு வசதியாக நினைவு வந்தது. "கொஞ்சம் பொறுங்கோ அப்பா, மச்சாள் போகட்டும்" என்று கிசுகிசுத்தேன். அவரும் பொறுத்தார். நெற்றி வியர்க்க வியர்க்க, மச்சாள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மச்சாள்தான் கதையை நிறுத்திவிட்டு எழுந்து வந்து போர்வையை விலக்கினார். பட்டுச் சேலையோடு தரையில் முழந்தாளிட்டு, மடிந்திருந்த குழாயை நிமிர்த்தி, பையைக் கீழே இறக்கினார். சலம் இறங்கத் தொடங்கியது. அப்பா கண்ணை மூடி மூச்சு விட்டார். தன் கணவரை மாதக்கணக்கில் இப்படிக் குழாயோடு வைத்துப் பராமரித்தவர் அவர் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

"ஆர் மாமா இதை மேல வச்சது?" என்று கேட்டார்.

"நான்தான் பிள்ளை. கால் தடக்குது எண்டு தூக்கி வச்சனான்" என்றார் அப்பா. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நான் தேத்தண்ணித் தட்டைப் பிடித்தபடி நின்றேன்.

அடுத்த கிழமை குழாயை எடுத்துவிட்டார்கள். அப்பா சுகமாகி, இப்போது பிரதான வீதியான காலி வீதிக்கு நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வருகிறார். அந்தப் பகலைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்காக அவர் அந்த வலியோடு ஒரு பொய்யும் சொன்னார். "இல்லை, நான்தான் வைத்தேன்" என்று அவருக்காகச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை என்பது அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என்னைச் சுடுகிறது.