அவர் வாங்கி வந்த மல்லிகை

2005-இல் எங்கள் முதல் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிட்டது. பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்ட வேண்டும் என்றார் மாமியார். என் கணவர்தான் மரக்காணம் கடைத்தெருவில் வாங்கி வந்தார். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர் மறுநாளே உப்பளத்துக்கு வேலைக்குப் போனார். “கல்லு மனசு” என்றார்கள்.

அடுத்த வருடம் மகள் பிறந்தாள். அவர் அவளைத் தூக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“அன்னிக்கு பூக்காரம்மா, ‘பொண்டாட்டிக்கா’ன்னு சிரிச்சிக்கினே ஒரு முழம் கூட குடுத்தாங்க. ஆமான்னு வாங்கிட்டு வந்தேன். இவளத் தூக்கப் போனா அந்தப் பூ வாசன வருது” என்று உடைந்து அழுதார்.

இப்போது குழந்தையை இழந்த வீட்டுக்குப் போனால், தாயைப் பார்த்துவிட்டு, வெளியே தனியாக நிற்கும் தகப்பனிடமும் பேசுகிறேன். மல்லிகை மட்டும் நான் தலையில் வைப்பதில்லை.