தோட்டத்து கேட்டில் ஒரு செயற்கைச் சந்திரன்

போன சனிக்கிழமை என் நண்பர் சூசையின் பிடரியில் துப்பாக்கி முனை பதிந்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

சூசை எங்கள் ரப்பர் தோட்டத்து லோரி டிரைவர். நான் அதே தோட்டத்துப் பள்ளி வாத்தியார். கோலா சிலாங்கூரில் வானவெளிப் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் பஸ் ஏறினோம். பழைய காலத்துப் பலூன், ராக்கெட் படங்கள், கடைசியாக... பூமியைச் சுற்றிவரும் செயற்கைச் சந்திரனின் மாதிரி. பளபளவென்று ஓர் உருண்டை, அதிலிருந்து நான்கு நீளக் கம்பிகள். சூசை அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

"வாத்தியாரே, இதுக்குள்ள ஆளே இல்லியா? பின்ன யாரு ஓட்டுறா?"

டிரைவர் அல்லவா, வேறென்ன கேட்பார்?

வாசலில் ஒரு தகரக் கடைக்காரர் அதையே சின்னதாகச் செய்து விற்றுக்கொண்டிருந்தார். சூசை மகளுக்கென்று ஒன்று வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

மாலையில் தோட்டத்து கேட்டுக்கு வந்தோம். முள்வேலி, சோதனை - காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து போட்ட இந்த அவசரகாலத்தில் இதெல்லாம் நமக்குப் புதிதா? காவலில் நின்றவர் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் மாணிக்கம். சூசையை வாய் நிறைய 'அண்ணே' என்று கூப்பிடுகிறவர். லீவு நாளில் சூசை வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு.

மாணிக்கம் பைக்குள் கையை விட்டார். உருண்டை. கம்பி. முகம் வெளுத்துவிட்டது. பையை அப்படியே கீழே வைத்துப் பின்வாங்கினார்.

"டேய்... கீழ படு. அசைஞ்சா சுட்டுருவேன்."

டேய். அண்ணே இல்லை, டேய்.

சூசை செம்மண் ரோட்டில் குப்புறப் படுத்தார். பிடரியில் துப்பாக்கி. நான் கையைத் தூக்கினேன். 'பொம்மை லா அது' என்று சொல்ல வாயைத் திறந்தவன், துப்பாக்கியைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த கார்ப்பரல், நீளக் கம்பு ஒன்றால் பையைத் தள்ளிக் கவிழ்த்தார். டொங் என்று வெளியே உருண்டது. வெறும் தகரம். அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மாணிக்கம் சூசையைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"அடிபட்டிருச்சாண்ணே?"

"நான் யாருன்னு ஒனக்குத் தெரியலியாடா?"

"தெரிஞ்சுச்சுண்ணே. நீங்களே குண்டு கொண்டாந்துட்டீங்களோன்னு... அதான் ரொம்பப் பயந்துட்டேன்."

சூசை சட்டையைக்கூடத் தட்டாமல் தன் வீடிருக்கும் லயத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

தெரிந்த முகத்தைக் கண்டே நடுங்குகிற நாம், சந்திரனுக்குப் போய் யாரோடு பேசப் போகிறோம்?