தம்பி கொண்டுவந்த டின் எண்ணெய்

இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்றைக்குக் காருக்குள் உட்கார்ந்திருந்தபோது சிரிப்பு வரவில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சொல்லத்தான் தெரியும். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, அது வேறு கதை.

ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் கிடையாது. அதனால் என் வீட்டுக்காரரின் பழைய வாடகைக் காருக்கு ஓயாத வேலை. சவுதியிலிருந்து லீவில் வந்த என் தம்பி, எனக்கு ஒரு புடவை கொண்டுவந்தான். மயில்கழுத்து நிறம், எத்தனை துவைத்தும் மங்கவில்லை. அவன் மாமாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ஒரு டின் இன்ஜின் ஆயில். சிந்தெட்டிக்காம், ரசாயனத்தில் செய்ததாம்.

விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கடையில் எண்ணெய் வாங்கும்போது எங்கள் வழக்கம் அது. வழவழவென்று நின்றால் நல்லது, ஓடினால் கலப்படம். இது ஓடியது.

"இன்னாடா இது, தண்ணி மாரி கீது? உன்ன ஏமாத்திட்டாங்கடா."

"யக்கா, இது வடை சுடுற எண்ணெ இல்ல. அந்தப் பாலைவன வெயில்லயே வண்டிங்க இதுலதான் ஓடுது."

எங்கள் காரைப் பார்க்கும் மெக்கானிக் பாய் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "புது இன்ஜின்னா ஊத்து. இது கெழடு. உள்ள கீற அழுக்குதான் கசிவ அடைச்சிக்கினு கீது. இது அழுக்கக் கழுவிடும், அப்பறம் ஒழுகும். பழைய கெட்டி ஆயிலே போதும்பா."

"ஃபாரின் சரக்கு பாய். உனுக்குப் பொறாம," என்றார் இவர். அன்று மாலையே ஊற்றிவிட்டார்.

நாலு நாள் கழித்துத் தம்பி திரும்ப வேண்டும். மீனம்பாக்கத்தில் பம்பாய் விமானம், அங்கிருந்து சவுதி. அதைத் தவறவிட்டால் அவன் இடத்தில் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். அம்மாவின் மருந்து, தங்கையின் கல்யாணம் எல்லாம் அந்த வேலையை நம்பித்தான்.

அவன் புறப்படும் நாள் காலையில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தேன். இன்ஜினுக்கு அடியில் மண்ணில் பளபளவென்று ஈரம். சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. இவரோ மேலே பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். பயணம் புறப்படும் நேரத்தில் அபசகுனமாகப் பேசக்கூடாது என்று சொல்லியே வளர்த்திருந்தார்கள். பழம் நசுங்கியது, வண்டி கிளம்பியது.

இன்று கார் கம்பெனி நிற்கும் இருங்காட்டுக்கோட்டையில் அப்போது வேர்க்கடலைக் கொல்லைதான். தம்பி என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தான், இவரும் அந்தப் பேச்சிலேயே இருந்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஸ்டியரிங் பக்கம், எண்ணெய் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு மினுக்கியது, அணைந்தது, மறுபடி மினுக்கியது. பூந்தமல்லியை நெருங்கும்போது அணையவே இல்லை.

"யோவ், வண்டிய நிறுத்துய்யா!" கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் யோவ் என்றதில்லை.

சொட்டியதைச் சொன்னேன்.

"காலைலயே பாத்தியா? வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த?"

இன்ஜினில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில்கூட எண்ணெய் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் பெட்ரோல் பங்க். ஓடிப்போய் வாங்கிவந்தார். அங்கே கெட்டி ஆயில்தான் இருந்தது.

தம்பி குறுக்கே வந்தான். "வாணாம் மாமா! அதுவும் இதுவும் கலந்தா கூழாயிடும். இன்ஜின் புடிச்சிக்கும்."

இவர் டின்னைப் பிடித்தபடி நின்றார். தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அடுப்பங்கரைக்கு வெளியே எதையும் என்னிடம் கேட்காத மனுஷன் கேட்டார்: "நீ இன்னா சொல்ற?"

எனக்கு என்ன தெரியும்? "ஒண்ணுமில்லாத ஓடறதுக்கு இது மேல். ஊத்து."

ஊற்றினார். அங்கிருந்து மீனம்பாக்கம் வரை அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். இன்ஜின் நின்றால் என் வார்த்தையால்தான் நின்றது. கார் போச்சு, தம்பி வேலை போச்சு, தங்கை கல்யாணம் போச்சு. கியர் மாற்றும்போது வந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் சீட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்தேன்.

போய்ச் சேர்ந்தோம். தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கேட்டில் சீட்டைப் பார்த்து உள்ளே விட்டார்கள். ரொம்ப நேரம் நின்றோம். ஒரு விமானம் எழும்பியது.

"அதுலதான் கீறானா?" என்று கேட்டேன்.

"வேற எதுல?"

அப்புறம்தான் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. அதுவரை நடுங்க நேரமில்லை. இவர் ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். முக்கால்வாசி புடவையில்தான் கொட்டியது.

"உனுக்குந்தான் ஒழுகுது," என்றார்.

நடுரோட்டில் அப்படிச் சிரித்தோம் இரண்டு பேரும்.