புகைக்கூண்டும் எட்டாம் மாதமும்

எனக்கு எண்ணெய்ப் பிசுக்கைக் கண்டால் ஆகாது. அம்பாசமுத்திரத்தில் நான் வாழ்க்கைப்பட்டபோது ஊருக்கு ரயில் வந்து சில வருஷந்தான் ஆகியிருந்தது. புகுந்த வீட்டு அடுக்களையில் நான் முதலில் நிமிர்ந்து பார்த்தது அடுப்புக்கு மேலிருந்த புகைக்கூண்டைத்தான். செங்கல்லால் கட்டியது. கீழே அகன்று, மேலே போகப் போகக் குறுகி, ஓட்டுக்கு வெளியே புகையை விடும். உள்ளே கரியும் தாளிப்பு எண்ணெயும் சேர்ந்து தார் பூசினாற்போல் அப்பிக் கிடந்தது. இந்த வீட்டார் சாப்பாட்டு இலையைப் பார்த்த அளவுக்கு அண்ணாந்து பார்த்ததில்லை என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

அதைச் சுத்தம் செய்வதற்கு ஒரு பக்குவம் உண்டு. அடுப்பு முழுக்க ஆறிவிட்டால் பிசுக்கு இறுகிவிடும். மத்தியானச் சமையல் முடிந்து, நெருப்பை வெளியே அள்ளிப் போட்டுவிட்டு, கூண்டில் இளஞ்சூடு இருக்கும்போதே கைவைக்க வேண்டும். உமிச்சாம்பலை அள்ளி அப்பினால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு உடைந்த சிரட்டையின் விளிம்பால் சுரண்டி, வெந்நீரில் முக்கிய வைக்கோலால் துடைத்தால் செங்கல்லின் நிறம் தெரியும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, செவ்வாய் வெள்ளி ஆகாது என்பதால் வேறொரு நாளில், முக்காலி போட்டு ஏறிவிடுவேன். என் அடுக்களையில் புகை நின்றதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

ஆறு வருஷம் ஓடிற்று. எனக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. விசேஷ நாளில் மங்கலத் தட்டை என் கையில் கொடுக்காமல் பக்கத்தில் நிற்பவள் கையில் கொடுப்பார்கள், அவ்வளவுதான். கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்தாள். தாயில்லாத பெண். மறு வருஷமே உண்டானாள். பேறுகாலமும் எங்கள் வீட்டிலேயே என்று முடிவாயிற்று. எனக்குப் பொறாமை இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அவள் அடுப்பருகே வந்து உட்கார்ந்து, “அக்கா, புளி கொஞ்சம் தாங்க” என்று கை நீட்டும்போது அது நிற்காது.

அவளுக்கு ஐந்தாம் மாதம். நான் முக்காலியை எடுத்து வைத்ததும் என் மாமியார் வந்து நின்றார்.

“ஏட்டி, வீட்டுல பிள்ளத்தாச்சி இருக்கா. அடுப்பப் பேத்தெடுக்கக் கூடாது, செவரச் சொரண்டக் கூடாது. இனி அந்தக் கூண்டுல கை வைக்காத.”

“நான் செவரையா சொரண்டுதேன் அத்தை? பிசுக்கைத்தானே?”

“பிசுக்கு எங்கன ஒட்டியிருக்கு? செவத்துலதானே?”

முக்காலியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

இரண்டு மாதத்தில் கூண்டு அடைத்துக்கொண்டது. புகை மேலே போகாமல் அடுக்களைக்குள்ளேயே சுற்றியது. எனக்கு அதில் ஒரு லாபம் இருந்தது: கண் கலங்கினால் புகை என்று சொல்லிவிடலாம். ஓரகத்திக்குத்தான் இருமல் பிடித்துக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமுவாள். கண்ணேறு என்றார் மாமியார். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வராவிட்டால் கண்ணேறு என்று கணக்கு. அடைத்த கூண்டுக்குக் கீழே மிளகாயைப் போட்டால் நெடி வராமல் என்ன செய்யும்? வீடே வாசலுக்கு ஓடியது. கண்ணேறு இல்லை என்று தெரிந்தது. இருமல் மட்டும் போகவில்லை.

சுரண்டிவிட என் கை துடித்தது. ஆனால் பயம். பிள்ளைக்கு ஒன்று என்றால், பெறாதவள் வயிற்றெரிச்சலில் செய்தாள் என்பார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த வீட்டில் அதற்குப் பிறகு எனக்கு இடம் இருக்காது.

எட்டாம் மாதம், ஒரு மத்தியானம். மாமியார் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். ஓரகத்தி இருமி இருமி ஓய்ந்து, அவளே போய் முக்காலியை இழுத்து வந்தாள்.

“அக்கா, மூச்சு முட்டுது. ஏறுங்க. நாந்தான் சொன்னேன்னு சொல்லுதேன்.”

“நீ அங்கன முற்றத்துல போயி இரி. இங்கன நிக்காத” என்று சொல்லிவிட்டு ஏறினேன். சாம்பலை அப்பி, பையப் பையச் சுரண்டினேன். பாளம் பாளமாக விழுந்தது. முழங்கை வரை கரி. பாதியில் திரும்பினால் வாசற்படியில் மாமியார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

“நல்லபடியாப் பெத்துப் பிழைக்கட்டும். இல்லேன்னா பேசிக்கிடுவோம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மீதியையும் சுரண்டினேன். பாதியில் விட்டால் மட்டும் பழி பாதியாகவா குறையப்போகிறது? அன்று சாயங்காலம் புகை நேராக மேலே போயிற்று. நாலைந்து நாளில் அவள் இருமலும் தணிந்தது. எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அவள் கால் வலிக்கிறது என்றாலும் ஓடிப்போய் நிற்பேன். பிரசவம் வரைக்கும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். மருத்துவச்சி குளிப்பாட்டிக் கொடுத்ததும் மாமியார் புரட்டிப் பார்த்தார். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு மச்சம். பார்க்க வந்த பெண்டுகள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள்.

“பாத்தியளா? நாந் தலையால அடிச்சிக்கிட்டேன். கரிக்கை பிள்ளை மேல ஒட்டிக்கிட்டு!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். ஓரகத்தி படுத்தபடியே பேசினாள். குரல் எழும்பவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“ஆமா அத்தை. அது அவ பெரியம்மா கைதான். இருந்துட்டுப் போட்டும். அக்கா, நீங்க வந்து பிள்ளைய வாங்குங்க.”

மாமியார் ஒரு கணம் தயங்கினார். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்தார். மங்கலத் தட்டுக்கூட வந்து சேராத கை.

கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பெற்றவளுக்குக் கொடுக்கும் காயத்துக்கு மருந்து இடிக்கவேண்டும் என்று அடுக்களைக்கு வந்துவிட்டேன். பின்னாலேயே மாமியார் வந்தார்.

“என்னட்டி, கண்ணு செவந்திருக்கு?”

வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுக்களையில் ஓர் இழை புகைகூட இல்லை.

“அழுதேன் அத்தை” என்றேன்.