சுமதி டீச்சர் அனுப்பாத நாற்பத்தொரு குறிப்புகள்

போன செவ்வாய், காலை 7.10. என் திரையில் நாற்பத்தொரு குறிப்புகள் தேங்கி நின்றன. ஏழு மணிக்கே பிள்ளைகளின் வீட்டுப் போனுக்குப் போயிருக்க வேண்டியவை. சர்வர் படுத்துவிட்டது என்று திட்டிக்கொண்டே கோளாறைத் தேடினேன். தலைமையாசிரியர் அழைத்தார். "சுமதி டீச்சர் போயிட்டாங்கப்பா. மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..."

சர்வரில் ஒரு கோளாறும் இல்லை.

அவரோடு அதே பள்ளியில் வேலை செய்த ஆசிரியர்களான உங்களுக்கு நான் அவர் பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சண்டையை மட்டும் சொல்கிறேன். கீழ்பென்னாத்தூரில் அவர் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். விடைத்தாளைப் படமெடுத்தால் திருத்தி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக்குறிப்பு எழுதும் செயலியை நான் செய்துகொடுத்தேன். "நான் படிக்காம ஒண்ணும் போகக்கூடாது" என்றார். அவர் அழுத்தினால்தான் போகும்படி, வேண்டாவெறுப்பாக ஒரு பொத்தான் வைத்தேன்.

"அப்புறம் மெஷின் எதுக்கு மேடம்?"

"உன் மெஷின் நல்லா திட்டுதுப்பா. என்னைவிட ஜாஸ்தி."

பௌர்ணமிக்கு மறுநாள் வைத்த தேர்வில் மணிகண்டனின் மதிப்பெண் சரிந்தது. 'கவனம் குறைவு, முயற்சி போதாது' என்று எழுதியது செயலி. அவன் அப்பா கிரிவலப் பாதையில் டீக்கடை போடுபவர். பௌர்ணமி ராத்திரி கூட்டத்துக்கு விடியும்வரை கிளாஸ் கழுவியது இவன். "இதை அவங்கப்பா படிச்சா, படிச்சது போதும் கடைக்கு வாடான்னுவாரு. நீயா போய் கூட்டிக்கினு வருவே?" என்று என்னைக் கேட்டுவிட்டு, அழித்து எழுதினார்: "கண்ணு முழிச்சிட்டு வந்தும் நாலு கணக்கு சரியா போட்டிருக்க. அஞ்சாவதுல மைனஸை விட்டுட்ட. தூங்கி எழுந்து போடு."

போட்டுக்கொண்டு வந்தான்.

இப்போது எல்லாக் குறிப்புகளையும் நானே ஒரே அழுத்தலில் அனுப்பிவிடலாம். அரசுத் தேர்வு நெருங்குகிறது, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். கை வரவில்லை. திறந்து பார்த்தேன். எல்லாவற்றையும் திருத்திவிட்டு மொத்தமாக அனுப்புவது அவர் வழக்கம். சிலவற்றைத் திருத்தி முடித்திருந்தார். ஒன்று பாதியில் நிற்கிறது: "ரேவதி, இது உனக்குத் தெரியும். நீ பயந்துகிட்டு"

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொத்தான். இனி செய்யப்போவது:

1. யார் கேட்டாலும் பொத்தானை எடுக்கமாட்டேன்.
2. பௌர்ணமிக்கு மறுநாள் செயலி வாயை மூடிக்கொண்டிருக்கும்.
3. டீச்சர் திருத்தி முடித்தவை அப்படியே போகும். மீதிக் குறிப்புகளைப் புது ஆசிரியரோடு உட்கார்ந்து படித்த பிறகே அனுப்புவேன்.
4. ரேவதியின் குறிப்பை முடிக்கமாட்டேன். நேரில் போய்க் காட்டுவேன். டீச்சர் இதுவரைக்கும்தான் எழுதினாங்க என்று சொல்லுவேன்.